கைபேசியில் மருத்துவத் தகவல்: நம் வீட்டு நோயாளிக்குப் பொருந்துகிறதா?



வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. மகனோ மகளோ கைபேசியை எடுத்து நோயின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். சில நொடிகளில் பக்கம் பக்கமாகவும் வீடியோ வீடியோவாகவும் வந்து நிற்கின்றன. ஒன்று பயமுறுத்துகிறது, ஒன்று ஆறுதல் சொல்கிறது, இன்னொன்று ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்கிறது. விடிந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது குழப்பம்தான் மிஞ்சுகிறது.

தேடவே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தெரிந்துகொள்ள விரும்புவது நோயாளியின் உரிமை, குடும்பத்தின் பொறுப்பும்கூட. ஆனால் மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் குடும்பங்களுடன் பேசும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. நோயைப் பற்றி நிறையப் படித்திருக்கிறார்கள்; கையில் இருக்கும் ஃபைலில் தங்கள் நோயாளியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்திருப்பவர் மிகக் குறைவு. அந்த ஃபைல் இல்லாமல் தேடினால் கிடைப்பது யாரோ ஒருவருடைய நோயைப் பற்றிய தகவல்தான். ஃபைலை வைத்துக்கொண்டு தேடுவது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

ஒரே பெயர், உள்ளே வேறு வேறு நோய்

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். வெளியில் ஒரே பெயர். ஆனால் பயாப்ஸி எடுத்த திசுவில் மூன்று பரிசோதனைகள் செய்கிறார்கள்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. அவை பாசிட்டிவ் என்றால் டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் பல ஆண்டுகளுக்குத் தரப்படலாம். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து பயன்படும். மூன்றும் நெகட்டிவ் என்றால் இந்த இரண்டு வழியும் பயன்படாது. சிகிச்சைத் திட்டமே வேறு.

இப்போது யோசித்துப் பாருங்கள். அடுத்த தெரு ராத்தாவுக்கு மாத்திரையிலேயே கட்டுப்பட்டது என்று கேள்விப்பட்டு, "நம் உம்மாவுக்கு மட்டும் ஏன் கீமோ கொடுக்கிறார்கள்? பணம் பறிக்கிறார்களோ?" என்று ஒரு குடும்பம் சந்தேகப்படுகிறது. விடை உம்மாவின் ஃபைலிலேயே மூன்று வரிகளில் இருக்கிறது. அதைப் படிக்காமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் இழப்பு யாருக்கு?

சிறுநீரக நோயிலும் இதே கதைதான். உடம்புச் சூட்டுக்கு இளநீர் குடியுங்கள், பழம் நிறையச் சாப்பிடுங்கள், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள் என்று வரும் அறிவுரைகள் நல்ல உடம்புக்குச் சரி. டயாலிசிஸ் செய்யும் நோயாளிக்கு அவையே ஆபத்தாகலாம். இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் அளவு ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். குடிக்கும் தண்ணீரின் அளவும் அந்த நோயாளிக்கு ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதைப் பொறுத்தே டாக்டர் சொல்வது. நோய் ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இதே கட்டுப்பாடுகள் தேவைப்படாமலும் இருக்கலாம்.

கிளாஸ்கோவில் கண்டறிந்தது

நோயாளியின் சொந்த விவரத்தோடு சேர்த்துத் தகவல் கொடுத்தால் என்ன பயன் என்பதை 25 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சோதித்துப் பார்த்தார்கள். அங்குள்ள பீட்சன் புற்றுநோய் மையத்தில் கதிரியக்க சிகிச்சை தொடங்கவிருந்த 525 நோயாளிகள் இதில் பங்கேற்றார்கள். மார்பகம், கர்ப்பப்பை வாய், புராஸ்டேட், குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் உள்ளவர்கள் அவர்கள். ஒரு பிரிவினருக்கு அவரவர் மருத்துவப் பதிவேட்டோடு இணைத்த தகவல் கணினியில் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு நோயைப் பற்றிய பொதுவான தகவல் மட்டும் கணினியில் கிடைத்தது. மூன்றாம் பிரிவினருக்குச் சிறு புத்தகங்கள்.

முடிவுகள் 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன. சொந்தப் பதிவேட்டோடு தகவல் பெற்றவர்களில் அதிகமானோர், புதிதாகக் கற்றுக்கொண்டோம், இது எங்களுக்குப் பொருத்தமாக இருந்தது என்றார்கள். மறுபடியும் வந்து பார்த்தவர்களும், அச்சிட்டுக் கொடுத்த தாளை வீட்டாரிடம், மற்றவர்களிடம் காட்டியவர்களும் அவர்களில்தான் அதிகம். பொதுத் தகவலை மட்டும் கணினியில் பார்த்த பிரிவிலோ, மூன்று மாதம் கழித்தும் மனக்கவலையோடு இருந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். நம் வீடுகளில் இரவெல்லாம் தேடிவிட்டுக் கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் இது நமக்குப் புரியும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இன்னொரு முயற்சி செய்தார்கள். மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்களின் வீட்டுக்கே கணினியைக் கொடுத்து, தகவலும் ஆதரவும் அதன் வழியே கிடைக்கச் செய்தார்கள். இந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் டாக்டரிடம் தயங்காமல் கேள்வி கேட்கவும் சிகிச்சை முடிவுகளில் பங்கெடுக்கவும் முன்வந்தார்கள். வசதி குறைந்த பெண்களுக்கே இதனால் பயன் கூடுதலாகக் கிடைத்தது என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான் இதெல்லாம் என்று நாம் ஒதுங்கிவிடத் தேவையில்லை.

"எத்தனை மாதம்?" என்ற கேள்வி

பெரிய நோய் வந்த வீட்டில் எல்லோரும் மனதுக்குள் கேட்பது, வாய்விட்டுக் கேட்கப் பயப்படுவது இந்தக் கேள்விதான். இணையத்தில் அதற்கு ஒரு எண் கிடைத்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து உடைந்துபோகிறவர்கள் உண்டு.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982-இல், 40 வயதில், மீசோதீலியோமா என்ற அரிய வகைப் புற்றுநோய் வயிற்றுப் பகுதியில் இருப்பது தெரிந்தது. அவர் நூலகத்துக்குப் போய்ப் படித்தார். நோய் தெரிந்த பிறகு உயிர் வாழும் காலத்தின் நடு அளவு எட்டு மாதம் என்று எழுதியிருந்தது. முதலில் அதிர்ந்தாலும் அந்த எண்ணின் பொருள் என்ன என்று யோசித்தார். பாதிப்பேர் எட்டு மாதத்துக்குள் இறந்தார்கள் என்றால் மீதிப் பாதிப்பேர் அதற்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்க முடியும். தமக்கு வயது குறைவு, நோய் சீக்கிரம் தெரிந்துவிட்டது, நல்ல சிகிச்சை கிடைக்கிறது என்பதையெல்லாம் வைத்து, தாம் எந்தப் பாதியில் இருக்கக்கூடும் என்று பார்த்தார். அதன்பின் அவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 2002-இல் அவர் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. பலருடைய கணக்கைச் சேர்த்து எடுத்த எண், ஒருவருடைய ஆயுளைச் சொல்வதில்லை என்பதே பொருள். ஆகவே டாக்டரிடம் "எத்தனை மாதம்?" என்று மட்டும் கேட்காமல், "இவருடைய வயது, நோயின் நிலை, உடல் தெம்பு இவற்றை வைத்துப் பார்த்தால் என்ன எதிர்பார்க்கலாம்?" என்று கேளுங்கள். பதில் கசப்பாக இருந்தாலும் அது உங்கள் நோயாளியைப் பற்றியதாக இருக்கும்.

"உங்களுக்காக" என்று கைபேசி காட்டுவது

இங்கே ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஒரு புற்றுநோய் வீடியோவை நீங்கள் பார்த்தால், அடுத்து அதே மாதிரி பத்து வீடியோக்களைக் கைபேசி கொண்டுவந்து நிறுத்துகிறது. நமக்கென்றே தேடித் தருவதுபோல் தோன்றும். உண்மையில் அது உங்கள் உம்மாவின் பயாப்ஸியைப் பார்த்துவிட்டுத் தரவில்லை. நீங்கள் எதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதை வைத்துத் தருகிறது. பயந்து பார்த்தால் பயமுறுத்துவதையே மேலும் தரும். "மருந்தில்லாமல் குணம்" என்பதைப் பார்த்தால் அதையே தொடர்ந்து தரும். நோயை அறியாத ஒன்று, உங்கள் பயத்தை மட்டும் அறிந்து வைத்திருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் கொடுத்து விளக்கம் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் உள்ள கடினமான சொல்லுக்குத் தமிழில் பொருள் தெரிந்துகொள்ளவும், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்யவும் அவை உதவும். ஆனால் கொடுத்த விவரத்துக்கு மட்டுமே அவை பதில் சொல்லும். விட்டுப்போன பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. தெரியாததையும் உறுதியான குரலில் சொல்லிவிடுவதுண்டு. அந்தப் பதிலை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. படம் அனுப்பும் முன் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆஸ்பத்திரி எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் நோயாளிக்கென்று ஒரு தாளில் கீழ்க்காணும் விவரங்களை எழுதி ஃபைலின் மேலே வையுங்கள்.

1. ரிப்போர்ட்டில் உள்ளபடி நோயின் முழுப் பெயர்.
2. நோய் எந்த நிலையில் (ஸ்டேஜ்) இருக்கிறது. அது தெரிந்த தேதி.
3. நோயின் வகையைக் காட்டும் முடிவுகள். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. சிறுநீரகம் என்றால் கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம். இதயம் என்றால் எக்கோவில் உள்ள ஈ.எஃப். அளவு.
4. வயது, எடை, சர்க்கரை, பிரஷர் போன்ற மற்ற நோய்கள், ஒவ்வாமை.
5. இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும் அளவோடு. நாட்டு மருந்து, லேகியம், சத்து மாத்திரை, கருஞ்சீரகம் எதையும் விடாதீர்கள்.
6. இதுவரை நடந்த ஆபரேஷன், கீமோ, கதிரியக்கம் முதலியவற்றின் தேதிகள்.
7. சிகிச்சையின் நோக்கம்: நோயைக் குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா, வலியையும் அவதியையும் குறைக்கவா? இதை டாக்டரிடமே கேட்டு எழுதுங்கள்.

ஏழாவதைப் பலர் கேட்பதே இல்லை. குணப்படுத்தும் சிகிச்சை என்று நினைத்து வீட்டை விற்றுச் செலவு செய்தபின், அது வலியைக் குறைக்கத் தந்த சிகிச்சை என்று தெரியவந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

ஃபைல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தரமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நோயாளியோ அவரிடம் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் உள்ளது. மரியாதையாக, எழுத்து மூலம் கேளுங்கள்.

எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

குறிப்பு தயாரானதும் தேடுங்கள். எதைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார், எப்போது சொன்னார்? இது எந்த நிலையில் உள்ள நோயாளிக்குச் சொல்லப்பட்டது? நம் குறிப்பில் உள்ளதோடு இது ஒத்துப்போகிறதா? மூன்றாவதற்கு விடை தெரியாவிட்டால், அதுவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

புற்றுநோய்க்கு நம் நாட்டிலேயே நம்பகமான வழி உண்டு. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில், மும்பை டாடா நினைவு மருத்துவமனை உட்பட நாடெங்கும் உள்ள பல மருத்துவமனைகள் சேர்ந்துள்ளன. இதனுடன் இணைந்த நவ்யா என்ற இணையச் சேவையில் நோயாளியின் ரிப்போர்ட்டுகளைப் பதிவேற்றினால், அந்த நோயாளிக்கு ஏற்ற சிகிச்சை குறித்து நிபுணர்களின் கருத்து எழுத்தில் கிடைக்கும். அதை உங்கள் டாக்டரிடம் காட்டிப் பேசலாம். கட்டணம், சலுகை விவரங்களைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவான சந்தேகங்களுக்கு அரசின் இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் கட்டணமின்றிப் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நினைவு தப்புதல் போன்ற நிலையில் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நோன்பு வைக்கலாமா?

ரமலான் நெருங்கும்போது சர்க்கரை நோயாளிகள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை நம்பி முடிவெடுக்கிறார்கள். "நோன்பு வைத்தால் சர்க்கரை சரியாகிவிடும்" என்கிறது ஒன்று. "சர்க்கரை இருந்தால் நோன்பே கூடாது" என்கிறது இன்னொன்று. இரண்டும் எல்லோருக்கும் பொருந்தாது.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவும் ரமலானும் குறித்த சர்வதேசக் கூட்டணியும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. நீரிழிவின் வகை, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எச்.பி.ஏ.1சி அளவு, இன்சுலின் உண்டா, சர்க்கரை திடீரென்று இறங்கிய அனுபவம், சிறுநீரகத்தின் நிலை, கர்ப்பம், முதுமைத் தளர்ச்சி, உடலுழைப்பு ஆகியவற்றையெல்லாம் பார்த்துக் கூட்டுகிறார்கள். 3 வரை என்றால் ஆபத்து குறைவு, 3.5 முதல் 6 வரை நடுத்தரம்; 6-க்கு மேல் அதிகம். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரிடம் போய் இந்த மதிப்பெண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. தமக்கு அது எந்த அளவில் பொருந்துகிறது என்பதை டாக்டரின் கருத்தோடு ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நோயாளிக்கு எவ்வளவு சொல்வது?

பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டு வாப்பாவிடம் மட்டும் மறைக்கிறார்கள். வாப்பாவோ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டு, தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "உங்களுக்கு எல்லாம் தெரிய வேண்டுமா, அல்லது எங்களிடம் சொன்னால் போதுமா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குப் பொய் இல்லாமல் சொல்லுங்கள். கடன், வஸிய்யத், மகளின் திருமணம் என்று அவர் முடிக்க நினைக்கும் காரியங்கள் இருக்கும். நாம் மறைத்தால் அதற்கான நேரத்தையும் அவரிடமிருந்து பறித்தவர்கள் ஆவோம்.

இதேபோல, உதவி திரட்டுவதற்காக நோயாளியின் படத்தையும் ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறார்கள். ஒருமுறை அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. நோயாளியின் ரிப்போர்ட் நம் கையில் உள்ள அமானிதம். அவருடைய சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். உதவி கேட்பவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் நேரில் காட்டினால் போதும்.

போலி வாக்குறுதியை அடையாளம் காண

புற்றுநோய், சர்க்கரை உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. ஆகவே "நூறு சதவீதம் குணம்" என்று விளம்பரம் செய்கிறவர் மருந்து கொடுக்கும் முன்பே சட்டத்தை மீறிவிட்டார். ரிப்போர்ட்டைப் பார்க்காமலே எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்து தருகிறார் என்றாலோ, ஆஸ்பத்திரி மருந்தை உடனே நிறுத்தச் சொல்கிறார் என்றாலோ, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார் என்றாலோ அங்கிருந்து விலகிவிடுங்கள்.

மேலே சொன்ன ஒரு பக்கக் குறிப்பின் மாதிரிப் படிவம் நம் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்கள் ஃபைலோடு வந்தால், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும், அதன் பின்பக்கத்தில் எழுதிய மூன்று கேள்விகளையும் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட அது போதும்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. வஸ்ஸலாம்.

— செயலாளர்